ஒரு கல்லைக் கரைக்கப் போய்: அமெரிக்கப் பூனைத் தீவனத்தின் இருபது ஆண்டுகள்

அமெரிக்காவின் செயின்ட் பால் நகரில், மினசோட்டா பல்கலைக்கழகத்தில், கார்ல் ஆஸ்போர்ன் என்ற கால்நடை மருத்துவப் பேராசிரியர் 1981இல் ஒரு கல் ஆய்வகம் தொடங்கினார். நாய், பூனைகளின் சிறுநீர்ப் பாதையிலிருந்து எடுத்த கல்லை மருத்துவர்கள் அங்கே அனுப்பி வைப்பார்கள். அது எந்தத் தாதுவால் ஆனது என்று பார்த்துச் சொல்வது ஆய்வகத்தின் வேலை. முதல் ஆண்டில் வந்த பூனைக் கற்களில் 78 சதவீதம் ஸ்ட்ருவைட் என்ற மெக்னீசியக் கல். கால்சியம் ஆக்சலேட் வெறும் 2 சதவீதம். அதே ஆய்வகத்துக்கு 1994 முதல் 2002 வரை வந்த பூனைக் கற்களை எண்ணினால், ஏறத்தாழ 55 சதவீதம் ஆக்சலேட், 33 சதவீதம் ஸ்ட்ருவைட். கணக்கு அப்படியே தலைகீழ்.

இருபது ஆண்டுக்குள் பூனையின் உடம்பு மாறிவிடாது. மாறியது தீவனம். அதுவும் யாரோ அலட்சியமாக மாற்றியதில்லை. அந்த முதல் கல்லை ஒழிக்க வேண்டும் என்று, ஆராய்ச்சி செய்து, நல்ல எண்ணத்தோடு மாற்றியது. எந்தத் தடயத்தைப் பிடித்துக்கொண்டு போனார்கள், எதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கோட்டைவிட்டார்கள் என்று இங்கே பார்க்கலாம்.

நோய் எப்படி இருக்கும்

கடுவன் பூனை மண் தட்டில் ஏறி உட்காரும். முதுகை வளைத்து முக்கும். ஒரு சொட்டு வரும், சில சமயம் அதுவும் வராது. இறங்கி இரண்டடி நடந்துவிட்டுத் திரும்ப ஏறும். குறியை விடாமல் நக்கும், அடித்தொண்டையில் கத்தும், சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விடும். பலர் இதை மலச்சிக்கல் என்று நினைத்து ஒரு நாளைக் கடத்திவிடுகிறார்கள். அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தால் சிறுநீர்ப்பை சின்னச் சாத்துக்குடி மாதிரி கெட்டியாக உருண்டு நிற்கும். அப்படி இருந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் ஏறிக்கொண்டே போகும், இதயத் துடிப்பு தடுமாறும். முழு அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் இரண்டு மூன்று நாளில் பூனை செத்துப்போகும். பெண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, அகலமும் அதிகம். அதனால் ரத்தமும் எரிச்சலும் வந்தாலும் அடைப்பு அபூர்வம்.

அடைப்பது எப்போதும் கல்லாகவே இருக்காது. சளி போன்ற புரதமும் நுண்ணிய படிகங்களும் குழைந்து ஒரு களிம்பாகத் திரண்டு, ஆண் பூனையின் குழாய் நுனியில் சிக்கிக்கொள்வதும் உண்டு. அந்தக் களிம்பில் இருக்கும் படிகம் அன்றும் ஸ்ட்ருவைட்தான், இன்றும் பெரும்பாலும் ஸ்ட்ருவைட்தான். தலைகீழாக மாறியது கற்களின் கணக்கு மட்டுமே. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் நிறையப் பேர்.

1970இல் ஆஸ்பால்டிஸ்டன், டாசிக் என்ற இருவர் இந்தக் கோளாறுகளுக்கெல்லாம் சேர்த்து ‘பூனைச் சிறுநீர் நோய்க்குறித் தொகுப்பு’ என்று பொருள்படும் ஒரே பெயரை வைத்தார்கள். கல், அடைப்பு, ரத்தம், எரிச்சல் எல்லாம் ஒரே கூடைக்குள் போயின. பெயர் ஒன்றாகிவிட்டதால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும் என்று தேட ஆரம்பித்தார்கள். காரணங்கள் பல, பிரித்துப் பாருங்கள் என்று 1984இல் ஆஸ்போர்னும் கூட்டாளிகளும் எழுத வேண்டி வந்தது.

சந்தேகப்பட்டவை

முதலில் மாட்டியது சாம்பல். தீவனத்தை முழுக்க எரித்தால் மிஞ்சுவது சாம்பல், அதாவது அதிலுள்ள தாதுக்கள் மொத்தமும். தாது அதிகம் என்றால் கல் வரும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் 1956இலேயே இங்கிலாந்தில் டிக்கின்சனும் ஸ்காட்டும் பூனைகளுக்குத் தாது உப்புகளை அளவுக்கு மேல் கொடுத்துப் பார்த்து, கல் வரவில்லை என்று எழுதிவிட்டார்கள். யார் கேட்டார்கள்? ‘சாம்பல் குறைவு’ என்று அச்சடித்து விற்பது அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் நடந்தது. கால்சியம், சோடியம், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் கூட்டிய ஒரு மொத்தக் கணக்கு, குறிப்பிட்ட ஒரு கல்லைப் பற்றி என்ன சொல்லிவிட முடியும்?

அடுத்து வைரஸ். கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஃபேப்ரிகன்ட் 1970களில், கல் வந்த பூனைகளிடமிருந்து எடுத்த ஒரு ஹெர்பிஸ் வைரஸைச் செலுத்தி, ஆண் பூனைகளுக்குச் சிறுநீர் நோயை வரவழைத்துக் காட்டினார். பின்னால் மற்றவர்களுடைய ஆய்வுகள் அதைப் பொதுவான காரணமாக ஏற்கவில்லை. வைரஸ் போன பிறகு எல்லோருடைய கண்ணும் தட்டுக்குத் திரும்பியது. 

பிறகு மெக்னீசியம். ஸ்ட்ருவைட் என்பது மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் நீரோடு சேர்ந்த படிகம். ஃபோர்ட் காலின்ஸில் உள்ள கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் லான் லூயிஸ் குழு தீவனத்தில் மெக்னீசியத்தை 0.75, 1 சதவீதம் என்று ஏற்றிக் கொடுத்து, பூனைகளுக்குக் கல் வரவழைத்தது. 1978இல் வெளிவந்த இந்த முடிவு பெரிய திருப்பம். கடையில் விற்ற தீவனத்தில் இருந்ததைவிட இந்த அளவு பல மடங்கு என்பதை அன்று அதிகம் பேர் பொருட்படுத்தவில்லை. ‘மெக்னீசியம் குறைவு’ என்பது அடுத்த விற்பனை வாசகம் ஆனது.

இந்த இடத்தில்தான் வழக்கின் அழகான சோதனை வருகிறது. கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தில் பஃபிங்டன், ரோஜர்ஸ், மாரிஸ் குழு ஒரே அளவு மெக்னீசியத்தை இரண்டு வடிவத்தில் கொடுத்தது. ஒன்று மெக்னீசியம் ஆக்சைடு, மற்றொன்று மெக்னீசியம் குளோரைடு. ஆக்சைடு சிறுநீரைக் காரமாக்கும், குளோரைடு அமிலமாக்கும். ஆக்சைடு தின்ற பூனைகளுக்குத்தான் ஸ்ட்ருவைட் தொல்லை; குளோரைடு தின்றவற்றுக்கு இல்லை. மெக்னீசியம் அதேதான், சிறுநீரின் அமிலத்தன்மைதான் வேறு. 1985இல் இது வந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் கொலராடோவில் டேட்டன், ஹாமர், லூயிஸ் மூவரும் அம்மோனியம் குளோரைடு கலந்து சிறுநீரை அமிலமாக்கினால் ஸ்ட்ருவைட் வராது, வந்த கல்லும் கரையும் என்று காட்டியிருந்தார்கள்.

நல்ல அறிவியல். ஒரு குறையும் சொல்ல முடியாது. கேள்விக்கு விடை சரியாக வந்தது. கேள்வி ஒரு கல்லைப் பற்றி மட்டும் இருந்தது, அவ்வளவுதான்.

மருந்தும் அதன் விலையும்

1980களின் நடுவிலிருந்து கம்பெனிகள் தீவனத்தை மாற்றின. மெக்னீசியம் குறைந்தது. மெத்தியோனின், அம்மோனியம் குளோரைடு, பாஸ்பாரிக் அமிலம் என்று ஏதாவது ஒன்றைச் சேர்த்து, சிறுநீரின் பி.எச். அளவு (இறங்கினால் அமிலம், ஏறினால் காரம்) 6ஐ ஒட்டி நிற்கும்படி செய்தார்கள். நோயாளிப் பூனைக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கும் தீவனத்தில் மட்டும் இதைச் செய்திருந்தால் விஷயம் வேறு. அலமாரியில் கிடக்கும் சாதாரணத் தீவனத்திலும் இது நுழைந்தது. கல்லே இல்லாத பூனையும் ஆயுள் முழுக்க அமிலம் கூட்டிய சாப்பாடு சாப்பிட்டது.

பலன் கிடைத்தது. ஸ்ட்ருவைட் குறைந்தது. முன்பு கத்தி வைத்து எடுத்த கல்லைத் தீவனத்தாலேயே சில வாரங்களில் கரைக்க முடிந்தது. 1990இல் ஆஸ்போர்ன் குழு அதை எழுதியது. அப்புறம் பில் வர ஆரம்பித்தது.

முதல் பில் பொட்டாசியம். தலையைத் தூக்க முடியாமல் தாடையை நெஞ்சில் புதைத்துக்கொண்டு, தடுமாறி நடக்கும் பூனைகள் மருத்துவர்களிடம் வந்தன. ரத்தத்தில் பொட்டாசியம் இறங்கித் தசை சோர்ந்துபோவதை 1987இல் ஸ்டீவன் டௌவும் கூட்டாளிகளும் விவரித்தார்கள், அதே கொலராடோ பல்கலைக்கழகத்திலிருந்து. சிறுநீரகக் கோளாறோடு, பொட்டாசியம் போதாத, அமிலம் கூடிய தீவனமும் இதில் பங்கு வகித்தது என்று தெரிந்தபோது தீவனங்களில் பொட்டாசியம் கூட்டப்பட்டது. இதைத் திருத்துவது சுலபமாக இருந்தது.

இரண்டாவது பில் ஆக்சலேட், அதைத் திருத்த வழியில்லை. உடம்பில் அமிலம் ஏறினால் அதைச் சமன்செய்ய எலும்பு தன் காரச் சேமிப்பை விட்டுக்கொடுக்கும். கூடவே கால்சியமும் வெளியே வந்து சிறுநீரில் இறங்கும். சிறுநீரில் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிட்ரேட்டும் அமிலத்தில் குறையும். மெக்னீசியமோ ஆக்சலேட் படிகம் உருவாவதைத் தடுக்கக்கூடியது; அதையும்தான் குறைத்துவிட்டார்கள். ஸ்ட்ருவைட்டுக்கு எதிராகச் செய்த ஒவ்வொரு காரியமும் ஆக்சலேட்டுக்கு வழிவிட்டது. ஆக்சலேட் கல்லைக் கரைக்கும் தீவனம் அன்றும் இல்லை, இன்றும் இல்லை. சின்னதாக இருந்தால் நீரடித்து வெளியே எடுக்கலாம், இல்லாவிட்டால் அறுவைதான்.

மினசோட்டாவிலிருந்து லெக்சரோயென்சுக் குழு 2001இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு எண் கொடுத்தது. சிறுநீர் பி.எச். 5.99 முதல் 6.15 வரை வரும்படி செய்த தீவனம் தின்ற பூனைகளுக்கு, 6.5 முதல் 6.9 வரை வரும் தீவனம் தின்றவற்றைவிட ஆக்சலேட் வாய்ப்பு மூன்று மடங்கு. அதே ஆய்வில் இன்னொரு வரியும் இருக்கிறது: ஈரப்பதம் மிகுந்த தீவனம் தின்ற பூனைகளுக்கு அந்த வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குதான். முதல் வரியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். எனக்கு இரண்டாவது வரிதான் முக்கியமாகப் படுகிறது.

இங்கே ஒரு எச்சரிக்கை. மினசோட்டா கணக்கை அப்படியே விழுங்கக் கூடாது. ஆய்வகத்துக்குப் போவது உடம்பிலிருந்து வெளியே எடுத்த கல். ஸ்ட்ருவைட்டைத் தீவனத்திலேயே கரைக்க முடியும் என்று வந்த பிறகு, கரைந்த கல் ஆய்வகம் போகாது. கரையாத ஆக்சலேட் மட்டும் போகும். அதனாலேயே சதவீதம் ஆக்சலேட் பக்கம் சாயும். மொத்த மாற்றமும் தீவனத்தின் வேலை என்று அடித்துச் சொல்ல இது இடம் கொடுக்காது. பெர்சியன், ஹிமாலயன், பர்மீஸ் போன்ற இனங்களில் ஆக்சலேட் அதிகம், வயதான பூனைகளில் அதிகம். இவற்றின் பங்கும் உண்டு.

ஆனால் உயர்வு வெறும் கணக்குப் பிழையும் இல்லை. சிறுநீரகத்துக்கும் சிறுநீர்ப்பைக்கும் நடுவில் உள்ள மெல்லிய குழாயில் கல் சிக்குவது பூனைகளில் முன்பு அரிதாகக் கேள்விப்பட்ட விஷயம். டேவிஸில் கைல்ஸ் குழு 1984 முதல் 2002 வரை அப்படிக் கல் சிக்கிய 163 பூனைகளைத் தொகுத்தபோது, ஆண்டுக்கு ஆண்டு எண்ணிக்கை கூடியிருந்தது. ஆய்வு செய்த கற்களில் 98 சதவீதத்தில் கால்சியம் ஆக்சலேட். சிறுநீர்ப்பைக் கல் தொல்லை என்றால் இது சிறுநீரகத்தையே காவு வாங்கும்.

2000களில் கம்பெனிகள் பி.எச். இலக்கைக் கொஞ்சம் மேலே தூக்கின. ஒரு கல்லை மட்டும் பார்க்காமல், சிறுநீர் இரண்டு தாதுக்களாலும் எவ்வளவு செறிந்திருக்கிறது என்று அளக்கும் முறையை மனிதச் சிறுநீரகக் கல் ஆராய்ச்சியிலிருந்து கடன் வாங்கின. டேவிஸின் கல் ஆய்வகம் 1985 முதல் 2004 வரை வந்த 5,230 பூனைக் கற்களைப் பார்த்தபோது, கடைசி மூன்று ஆண்டுகளில் ஸ்ட்ருவைட் மறுபடி முன்னே வந்திருந்தது: ஸ்ட்ருவைட் 44 சதவீதம், ஆக்சலேட் 40.

தண்ணீர்

இவ்வளவு நேரம் பி.எச்., மெக்னீசியம் என்று பேசியதில் ஒரு சாதாரண விஷயம் ஓரமாகவே நின்றது. எந்தப் படிகமும் கெட்டியான சிறுநீரில்தான் எளிதாக விழும். நீர்த்த சிறுநீரில் இரண்டு கல்லுக்குமே வாய்ப்பு குறையும்.

வீட்டுப் பூனையின் மூதாதை வறண்ட நிலத்து ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. இரையிலேயே தண்ணீரை எடுத்துக்கொள்ளும் பிராணி அது; எலியின் உடம்பில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் தண்ணீர். தேவைப்பட்டால் சிறுநீரை மனிதனால் முடியாத அளவுக்குக் கெட்டியாக்கும். தாகமும் அதற்கு மெதுவாகத்தான் எடுக்கும். இப்படிப்பட்ட பிராணிக்குத் தண்ணீர் பத்து சதவீதமே உள்ள மொறுமொறு உருண்டையைக் கொடுக்கிறோம். நாலு கிலோ பூனை ஒரு நாளைக்கு 60 கிராம் உலர் தீவனம் தின்றால், அதிலிருந்து கிடைக்கும் தண்ணீர் 6 மில்லி. அதே சத்துக்கு 80 சதவீதம் ஈரமுள்ள தீவனம் சுமார் 250 கிராம் வேண்டும். அதில் தண்ணீர் 200 மில்லி. நடுவில் விழும் வித்தியாசத்தைக் கிண்ணத்திலிருந்து நக்கிக் குடித்து ஈடுகட்ட வேண்டும். பூனை குடிக்கத்தான் செய்கிறது, ஆனால் முழுசாக ஈடுகட்டுவதில்லை.

இது புதிதாகக் கண்டுபிடித்ததும் இல்லை. டென்மார்க்கில் பிரெபென் வில்லிபெர்க் 1970களிலேயே நோய் வந்த பூனைகளையும் வராதவற்றையும் ஒப்பிட்டு, கருத்தடை செய்த ஆண், அசையாமல் கிடப்பது, உலர் தீவனம் அதிகம் தின்பது ஆகியவை ஒன்றோடொன்று சேரும்போது ஆபத்து ஏறுகிறது என்று எழுதியிருந்தார். உலர் தீவனத்தில் உள்ள எந்தப் பொருள் தப்பு என்று தேடினார்களே தவிர, அதில் இல்லாத பொருளை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பை, மூட்டை, விலை, அலமாரியில் கெடாமல் கிடக்கும் வசதி என்று வியாபாரக் கணக்கும் ஒன்று உண்டு, அதையும் மறைக்க வேண்டாம்.

1999இல் மார்க்வெல், பஃபிங்டன் குழுவின் சின்ன ஆய்வு ஒன்று வந்தது. கல்லோ கிருமியோ இல்லாமல் சிறுநீர்ப்பை அழற்சி வந்த 46 பூனைகள். எல்லாவற்றுக்கும் ஒரே வகை அமிலமாக்கும் தீவனம். 18 பூனைகளுக்கு டப்பாவில் ஈரமாக, 28 பூனைகளுக்கு உலர்வாக. ஓராண்டில் டப்பாத் தீவனம் தின்றவற்றில் 2 பூனைக்கும், உலர்வாகத் தின்றவற்றில் 11 பூனைக்கும் நோய் திரும்பியது. சிறுநீரின் ஒப்படர்த்தி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்டால் அது எவ்வளவு கெட்டி என்ற அளவு, டப்பாத் தீவனப் பக்கம் 1.032 முதல் 1.041, உலர் தீவனப் பக்கம் 1.051ஐ ஒட்டி. மருந்துச் சரக்கு ஒன்றே, தண்ணீர்தான் வேறு. எண்ணிக்கை சிறியது, சத்தியம் செய்ய முடியாது. ஆனாலும் மெக்னீசியத்துக்காக எத்தனை ஆண்டு செலவழித்தார்கள் என்று நினைத்தால் இந்தச் சின்ன ஆய்வு கொஞ்சம் உறுத்துகிறது.

டேவிஸிலிருந்து ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகம் போயிருந்த பஃபிங்டன், தீவனத்தையும் தாண்டிப் பார்க்க ஆரம்பித்தார். மண் தட்டில் முக்கும் பூனைகளில் பாதிக்கு மேல் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. அவற்றின் நரம்பும் மனஉளைச்சலும் சிறுநீர்ப்பையில் வந்து வெளிப்படுகின்றன. 2006இல் அவரும் கூட்டாளிகளும் வீட்டுச் சூழலை மாற்றிக் காட்டினார்கள்: ஒளிந்துகொள்ள இடம், ஏறி உட்கார உயரம், விளையாட்டு, மற்ற பூனைகளோடு சண்டை இல்லாத ஏற்பாடு. நோய் அறிகுறிகள் கணிசமாகக் குறைந்தன. சிறுநீரின் பி.எச். அளவை எடுத்துச் சொன்னவரே கடைசியில் பூனை எங்கே படுக்கிறது என்று விசாரிக்க வந்துவிட்டார்.

வீட்டில் என்ன செய்யலாம்

இந்த வழக்கிலிருந்து வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடியது அதிகம் இல்லை, ஆனால் உறுதியானது. ஒரு வேளையாவது ஈரத் தீவனம் கொடுங்கள். முடியாவிட்டால் உலர் தீவனத்திலேயே வெந்நீர் ஊற்றி ஊற வையுங்கள், சில பூனைகள் முகம் சுளிக்கும், கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினால் பழகும். மீனோ கோழியோ வேகவைத்த தண்ணீர் தரலாம், உப்பு, வெங்காயம், பூண்டு எதுவும் சேராமல். வெங்காயமும் பூண்டும் பூனைக்கு விஷம். பால் தண்ணீருக்கு மாற்றாகாது. மீனும் சோறும் மட்டுமே கொடுப்பதும் தீர்வாகாது, அதில் கால்சியமும், பூனைக்கு அவசியமான டாரின் என்ற சத்தும் கணக்குக்கு வராது. பூனைகள் எத்தனையோ அதைவிட ஒரு மண் தட்டு கூடுதலாக வையுங்கள்.

‘யூரினரி’ என்று எழுதிய பையை மருத்துவர் சொல்லாமல் வாங்கி வருடக்கணக்கில் போடுவதும், அதற்கு மேல் மெத்தியோனின் மாத்திரை கொடுப்பதும் 1980களின் தவறை வீட்டிலேயே ஒருமுறை நடத்திப் பார்ப்பது. ஏழெட்டு வயதுப் பெர்சியன் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். கல் எடுத்தால் அதைக் குப்பையில் போடாமல் டப்பாவில் வைத்து, எந்தக் கல் என்று ஆய்வுக்கு அனுப்பச் சொல்லுங்கள். ஸ்ட்ருவைட் என்று வந்தால் அமிலமாக்கும் தீவனம் பொருந்தும். ஆக்சலேட் என்று வந்தால் அதே பை நிலைமையை மோசமாக்கும். முடிவு வரும்வரை தண்ணீரைக் கூட்டுவது இரண்டுக்கும் பொருந்தும். பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சிறுநீரைப் பரிசோதிக்கும்போது, பி.எச். மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல் ஒப்படர்த்தியையும் கேளுங்கள்.